ஒரு பாயின்ட்கூட இல்லை

ஆகஸ்ட் 9
0–4. ஏழு மேட்ச் லீக்கில் நான்கு முடிந்தது, நான்கும் தோல்வி. இடைவேளையில் எங்கள் கோல்கீப்பர் சுருளிராஜனைக் கன்னத்தில் அறைந்தேன். இரண்டாவது கோல் அவன் கைக்குள் வந்து நழுவிப் போனது. கிளவுஸை மாட்டிக்கொண்டு மறுபடி போய் நின்றான். இன்னும் இரண்டு வாங்கினான். அறைந்து என்னத்தைக் கிழித்தேன்?

ஆகஸ்ட் 12
பி.டி. சார் ஞானசிகாமணி எல்லோரையும் வெயிலில் முட்டி போட வைத்தார். ஒரு பாயின்ட்கூட எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் கல்லூரிக்கு ஃபுட்பால் டீமே கிடையாது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டாராம். அப்புறம் என்னை மட்டும் நிறுத்தினார்.
"ஏலே கர்ணா, சனிக்கிழமை அந்தப் பத்தாம் நம்பர் சூரியபிரகாஷ் ஓடுனா நாம செத்தோம். அவன் ஓடக் கூடாது. புரியுதா?"
மூன்று வருஷமாக, வருகிறவனைத் தடுக்கிற ஸ்டாப்பர் இடத்தில் ஆடுகிறேன். இதுகூடவா புரியாது.

ஆகஸ்ட் 16
சத்தம் கேட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம்.
இருபதாவது நிமிடம். பந்து போய்விட்டது, போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சூரியபிரகாஷ் மேல் இரண்டு காலையும் சேர்த்து விட்டேன். கணுக்காலுக்கு மேலே அவன் கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. மண்ணை அள்ளி வாயில் வைத்துக் கடித்தான். ரெஃப்ரி சரியாகப் பார்க்கவில்லை, வெறும் மஞ்சள் கார்டு. உடனே அடிதடி. கார்னர் கொடிக்கம்பைப் பிடுங்கி ஒருத்தன் என் முதுகில் போட்டான். நான் அவன் மூக்கை உடைத்தேன். அந்தக் கூட்டத்தில் யார் யாரை அடித்தார்கள் என்று ரெஃப்ரிக்கும் தெரியவில்லை.
0–2. ஆனாலும் பஸ்ஸில் என்னைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார்கள். நல்லாத்தான் இருந்துச்சு. பொய் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 18
அம்மா ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து வந்ததும் வராததுமாகப் பொரிந்தாள். தினமும் ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிற சொர்ணலதா, சுருளிப்பட்டிக்காரி, மலையேறி முடிகிற வரை அழுதாளாம். அவள் மகன் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்களாம்.
"சூரியபிரகாஷ்னு பேரு. பந்து வெளையாடுற எடத்துல எவனோ ஒடிச்சுப்புட்டானாம்டா. அவன் கை காலு வெளங்குமா? பெத்தவ வயிறு எரியுதுல்ல, நாசமாப் போவான்!"
நானும் சேந்து வஞ்சேன் என்றாள். பிறகு எனக்குக் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன். எப்படிடா சாப்பிட்ட?

ஆகஸ்ட் 20
பிராக்டிஸில் ஒரு ஜூனியரை முழங்காலால் வயிற்றில் குத்தினேன். அவன் எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 23
0–3.

ஆகஸ்ட் 26
அம்மா கன்னம் வீங்கி, உதடு கிழிந்து வந்து நின்றாள். எனக்குக் கண்ணே தெரியவில்லை.
"எவன்மா? ஜீப்காரனா, கங்காணியா? சொல்லு, இன்னைக்கு அவன் தலைய எடுக்காம விட மாட்டேன்!" அரிவாளைத் தேடினேன். நெசமாவே தேடினேன்.
"சொர்ணலதா அடிச்சா" என்றாள்.
நான் நின்றுவிட்டேன்.
"ஒடிச்சவன் ஒங்க காலேஜாம், நாலாம் நம்பர் சட்டையாம். இன்னைக்குத்தான் சொன்னா. அந்தச் சட்டையத் தொவைக்கிறவ நானு. அவ பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு எப்படிடா வாயப் பொத்திக்கிட்டு வர்றது? எம்மகன்தான்னு சொல்லிட்டேன். அடிச்சா. மத்தவக இழுத்தாக. விடுங்கடி, அடிக்கட்டும்னேன்."
காலைத் தொடப் போனேன். "எட்டப் போ" என்றாள்.

ஆகஸ்ட் 27
விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் சொர்ணலதா முன்னால் நின்றேன். "நான்தான் கர்ணன். என்னைய அடிங்க." என் காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் காலையே பார்த்தாள்.
"ஒன்னைய அடிச்சா அவன் எந்திரிச்சு நடந்துருவானா? ஒதுங்கு, வண்டி கெளம்புது."
பதினாறு பேரை அடைக்கிற ஜீப். அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் காலியாகக் கிடந்தது.

ஆகஸ்ட் 29
அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 30
கடைசி மேட்ச். எண்பத்தெட்டாவது நிமிடம் வரை 0–0. டிரா ஆனாலே ஒரு பாயின்ட், டீம் தப்பித்துவிடும். அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் தனியாக என்னிடம் வந்தான். எனக்குப் பின்னால் சுருளிராஜன் மட்டும். "கர்ணா, ஆளப் போடு!" என்று சார் கோட்டோரத்திலிருந்து அலறினார். பந்து என்னைத் தாண்டிவிட்டது. அவன் கால் எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. மெல்லிசான கால்.
நான் விட்டுவிட்டேன். 0–1.
பஸ்ஸுக்குப் பின்னால் எங்கள் டீம்காரர்களே என்னைப் போட்டு மிதித்தார்கள். சுருளிராஜன்தான் அதிகம். "ஒரு தட்டு தட்டிருந்தா போதுமேடா! ஏண்டா விட்ட?" மிதித்துக்கொண்டே அழுதான். டீம் போச்சு. அவன் முதல் வருஷம், இன்னும் இரண்டு வருஷம் ஆட வேண்டியவன்.
மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது. ஆறு மணிக்கு அம்மா வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எவன் அடித்தான் என்று கேட்கவில்லை.
"இன்னைக்கு எவன் கால ஒடிச்ச?"
"யாரு காலையும் இல்லம்மா. தோத்துட்டோம்."
தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "மூஞ்சியக் கழுவிட்டு வா. சோறு போடுறேன்."