பழைய பிரவுசரில் வந்து போனவன்

அன்பு மகன் வாலுவுக்கு அம்மா எழுதுவது.

நீ எந்த அறையில் உட்கார்ந்து இதைப் பிரிக்கிறாய் என்று தெரியாமலே எழுதுகிறேன். உன் சிநேகிதன், அந்த மெக்கானிக், வெகு நாளைக்கு முன் கொடுத்த விலாசம் இது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏதோ விடுதி என்றான். முன்பு போட்ட கடிதங்களும் இதே விலாசத்துக்குத்தான் வந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்போதெல்லாம் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு முன்னைக்கு இப்போது பரவாயில்லை. வலது கை இன்னும் சரியாக எழவில்லை. இடது கையாலேயே சட்டைப் பித்தான் போடப் பழகிவிட்டார், உதவப் போனால் முறைக்கிறார். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு இனிப் போக முடியாது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார், அதிகாரம் மட்டும் இளைக்கவில்லை. மழை நாட்களில் உன் அறையில்தான் துணி காயப்போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கட்டிலும் மேசையும் போட்டது போட்டபடி இருக்கின்றன.

என் வேலை உனக்குத் தெரியும். குடிநீர் வாரியத்தின் இணையதளம். எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் வரும் என்று பார்க்க ஊரே காலையில் அதைத்தான் திறக்கிறது. யார் திறந்தாலும் எந்த ஊரிலிருந்து, எந்த பிரவுசரில் வந்தார்கள் என்று எங்களிடம் பதிவாகிவிடும். நீ கோபித்துக்கொண்டு போன வருடமே ஒன்றைக் கவனித்தேன். தினமும் காலையில் ஒருவர் நம் பகுதியின் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார். வேறெதையும் தொடுவதில்லை. வருவது அந்தத் துறைமுக ஊரிலிருந்து. பிரவுசரோ அரதப்பழசு. நீ எடுத்துக்கொண்டு போன என் பழைய லேப்டாப்பில் நானே போட்டுக் கொடுத்த அதே பிரவுசர், அதே பதிப்பு. அந்த லேப்டாப்பில் அதற்கு மேல் புதியது எதுவும் ஏறாது.

நீதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நம் தெருவில் இன்று தண்ணீர் வருமா வராதா என்று அவ்வளவு தூரத்தில் வேறு யாருக்குக் கவலை? ஆபீஸ் கழிவறையில் போய் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று உன்னைத் துரத்திய மனிதர் எழுந்து போய் வெகு நேரம் முகம் கழுவினார். மறுநாள் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "வந்தானா?" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி. வந்தான் என்று நான் சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ஒரு தரம் ஒரு வாரம் முழுக்க நீ வரவில்லை. காய்ச்சலோ, வேலை போய்விட்டதோ என்று ஆளுக்கொரு மூலையில் செத்துப் பிழைத்தோம். மறுபடி நீ வந்த அன்று அப்பா தாடியை மழித்துக்கொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தெருமுனை வரை சும்மா நடந்து போய்விட்டு வந்தார். அதற்கப்புறம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வெளியே நடமாட முடியாமல் போன பிறகு அந்த ஒரு கேள்விதான் அவருடைய நாள்.

இப்போது ஆபீஸ் கதைக்கு வருகிறேன். புதிதாக வந்த மேலாளர், பழைய பிரவுசர்களில் நம் தளம் இனித் திறக்க வேண்டாம் என்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பாதுகாப்புக் குறைவு. எந்த வேலையையும் புதுசுக்கு ஒரு தரம், பழசுக்கு ஒரு தரம் என்று இரண்டு தரம் செய்ய வேண்டும். அந்த இரண்டாவது தரத்தை இத்தனை வருடமும் நான்தான் முணுமுணுக்காமல் செய்தேன். கூட்டத்தில் வயதானவர்கள் என்றேன், புது போன் வாங்க வழியில்லாதவர்கள் என்றேன், தண்ணீர் எல்லாருக்கும் பொது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். பேசியதெல்லாம் உண்மைதான். ஆனால் மனசில் இருந்தது ஒரே ஒருத்தன். வீட்டில் வந்து சொன்னால் அப்பா எனக்கு மேல் கொதித்தார். "ஒரே ஒரு ஆள் வந்தாக்கூட கதவு தொறந்துதான் இருக்கணும்னு உங்க மேனேஜர்கிட்ட சொல்லு. சாத்துறது சுலபம். அப்புறம் தொறந்து வெச்சாலும் யாரும் வரமாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் பக்கத்து மேசையில் ஒரு பெண் இருக்கிறாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தங்கமான பெண். தினமும் வரும் அந்த ஒரு ஆளை அவளுக்குக் காட்டியிருந்தேன், யார் என்று மட்டும் சொல்லவில்லை. என் கட்சிக்கு வலு சேர்க்க வேண்டுமென்று அவளாகவே தோண்டிப் பார்த்திருக்கிறாள். இன்று காலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, இது ஆளே இல்லக்கா, மெஷினு. சைட்டு ஓடுதா படுத்துடுச்சான்னு பாக்கறதுக்கு பழைய கான்ட்ராக்டர் வெச்ச புரோகிராம். பழைய பிரவுசர் பேரப் போட்டுக்கிட்டு வருது. அவங்க சர்வர் அந்த ஊர்லதான் இருக்கு" என்றாள். நம் பகுதியை மட்டும் ஏன் பார்க்கிறது என்று கேட்டேன். "சைட்டு ஆரம்பிச்சப்போ யாரோ சோதனைக்கு அந்தப் பக்கத்தத்தான் மொதல்ல போட்டிருக்காங்க. அதையே அவங்களுக்கும் குடுத்துட்டாங்க போல" என்றாள்.

அந்த யாரோ நான்தான். முதல் பக்கமாக நம் தெருவைப் போட்டுப் பார்க்கலாமே என்று அன்று ஓர் ஆசை.

நீ வராத அந்த ஒரு வாரம், கான்ட்ராக்டர் சர்வரை மாற்றிய வாரமாம். இதே வேலையில் தலை நரைத்தவள் நான். லீவு நாளில்கூடத் தவறாமல் அதே நிமிடத்துக்கு ஒரு மனுஷன் வருவானா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றியது கண்ணா. அப்பனைப் போலவே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் கூட்டத்தில் புதுக் கணக்கைக் காட்டினார்கள். அந்த மெஷினைக் கழித்தால் பழைய பிரவுசரில் வருபவர்கள் ஏதோ கொஞ்சம் பேர்தான். மேலாளர் என்னைப் பார்த்தார், நான் பேசுவேன் என்று காத்திருந்தார். ஊருக்காகப் பேசுகிறேன் என்று பேசிய வாய், என் பிள்ளை அதில் இல்லை என்றதும் மூடிக்கொண்டது. அந்தக் கொஞ்சம் பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? வெட்கமாக இருக்கிறது. மாதக் கடைசியோடு நிறுத்திவிடுவார்கள். பழைய பிரவுசருக்கென்று நான் எழுதிய புரோகிராம் வரிகளை அழிக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். வந்தானா என்று கேட்டார். வந்தான் என்றேன். தெரிந்தே சொன்ன முதல் பொய். அவர் சோற்றைப் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், நீ படியிறங்கிப் போன நாளிலிருந்து உன்னைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நேற்று வரை எல்லாம் தெரிந்தவள் போல இருந்திருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

விடுதிக்காரர் யாராவது இதைப் பிரித்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். என் பிள்ளை அங்கே இல்லையென்றால் கடிதத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பகலில் தபாலை வாங்குவது அவன் அப்பா. உறையின் பின்னால் என் ஆபீஸ் விலாசத்தை எழுதியிருக்கிறேன். என்ன செய்தியானாலும் அங்கே, எனக்கு எழுதுங்கள்.

வாலு, நீ இதைப் படித்தால் அப்பாவுக்கு ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது. திட்டியாவது எழுது. வாசப்படியைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையை அவரே எத்தனையோ தரம் விழுங்கப் பார்த்துவிட்டார்.

கடிதத்தின் கடைசியில் எப்போதும் நல்ல வேலை, நல்ல பெண், நீண்ட ஆயுள் என்று வரிசையாக ஆசீர்வாதம் எழுதுவேன். இந்தத் தரம் அதெல்லாம் கேட்கவில்லை. எங்கேயாவது இரு கண்ணா. எங்கள்மேல் கோபமாகவே இரு. இருந்தால் போதும்.

உன் அம்மா