நீ ஊற்றாத தண்ணீர்

அடியே,

நேற்று மத்தியானம் கொள்ளுப்பேரனுக்குக் காய்ச்சல். பேரனின் மனைவி ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அவன் நெற்றியில் போட்டாள். சரியாகப் பிழியவில்லை போலிருக்கிறது. ஒரு சொட்டு உருண்டு காதோரமாக இறங்கியது. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னா பாட்டி, மயக்கமா?" என்று அவள் பதறினாள். மயக்கமும் இல்லை, மண்ணும் இல்லை, என் சிநேகிதி ஞாபகம் வந்துவிட்டது என்று அவளிடம் எங்கே சொல்ல? பிள்ளைக்குச் சாயங்காலமே காய்ச்சல் விட்டது, தெருவில் போய்ப் புழுதியில் புரண்டு வந்தான். எனக்குத்தான் விடவில்லை. அதனால்தான், அரியலூர் லாரிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து இதை உனக்கு எழுதுகிறேன்.

குன்னத்துக்குக் கிழக்கே அந்த மாதா கோயில் மருந்துச்சாலையில் நாம் வேலைக்குச் சேர்ந்தது உலகச் சண்டைக்காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை, குளிர்காய்ச்சலுக்குத் தரும் கொயினா மாத்திரைக்கு அதைவிட நீளமான வரிசை. நமக்கு ஒரே வயது, ஒரே கோயில், ஒரே நாளில் நாக்கில் முதல் அப்பம் வைத்துப் புதுநன்மை வாங்கியவர்கள். குணம்தான் ஆளுக்கொரு பக்கம். எனக்கு மூக்கின்மேல் கோபம். நீ ஒரு பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் நான் பாதி ஊரோடு சண்டை போட்டு முடித்திருப்பேன். மருந்துச்சாலையை நடத்திய கன்னியாஸ்திரியை எல்லோரும் மதர் என்போம். அந்த மதர்தான் நம் இருவரையும் சேர்த்து ஊர் ஊராக அனுப்பினார். ஒருத்தி வாயாடி, ஒருத்தி ஊமை, இரண்டையும் கலந்தால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

தகரப் பெட்டியில் கொயினா, அயோடின், சிரங்குக் களிம்பு, கண்ணுக்கு ஊற்றும் சொட்டு மருந்து எல்லாம் இருக்கும். ஓரத்தில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும், மடித்த வெள்ளைத் துணியும் இருக்கும். அவை எதற்கென்று வெளியே யாருக்கும் தெரியாது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போகும் குழந்தை மோட்சத்தில் சர்வேசுரன் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான் அந்தக் காலத்தில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அதனால் சாகக் கிடப்பது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பெற்றவளுக்குத் தெரியாமலாவது தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். காய்ச்சலுக்குத் துடைப்பதுபோலத் துணியை நனைத்து, நெற்றியில் ஓடும்படி பிழிந்து, வாய்க்குள்ளேயே மந்திரத்தைச் சொல்லிவிட்டால் போதும். நானும் செய்திருக்கிறேன். ஒரு ஆத்துமாவைக் கரை சேர்த்துவிட்டோம் என்று வரப்பில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள்மேல் இருந்த ஆசையில் செய்ததுதான்.

இந்த விஷயத்தில் உன்னைவிட வைராக்கியம் உள்ளவள் இருக்க முடியாது என்று மதர் நம்பினார். காரணம் இருந்தது. உன் வீட்டுக்காரர் பேதியில் போன சில மாதத்தில் உனக்குப் பிள்ளை பிறந்தது. நீ நினைவில்லாமல் கிடந்தாய். பிள்ளை கொஞ்ச நேரம் அழுதது, பிறகு அடங்கிவிட்டது. ஓடிப்போய் யாரையாவது அழைத்து வந்து தண்ணீர் ஊற்ற நேரமில்லை. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது என்பதால், கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, கள்ளி மண்டிய மூலையில் புதைத்தார்கள். நீ கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு சாயங்கால ஜெபமாலை முடிந்து ஊரே எழுந்து போனாலும் நீ எழுந்திருக்க மாட்டாய். முழங்கால் வலிக்க நானும் உன்னோடு இருந்து பார்த்தேன். எனக்குச் சர்வேசுரன் என்றால் தாசில்தார் மாதிரி. போனோமா, கும்பிட்டோமா, தப்பாக ஏதும் பேசிவிடாமல் திரும்பினோமா என்று இருப்பேன். நீ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாய். என்னதான் செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேட்டுக்கிட்டே இருக்கேண்டி, எம்புள்ள எங்கன்னு. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு."

அடுத்த வருஷம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன்.

"இப்பல்லாம் கேக்குறதில்ல. சும்மா அவரு பக்கத்துல ஒக்காந்திருக்கேன்."

அழுது அழுது பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து, உனக்காக அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். சிரிக்காதே.

அப்புறம்தான் செல்லத்தின் வீடு. பருத்தி வெடித்துக் கிடந்த காலம். வெயில் நேரத்தில் ஒரு ஆள் ஓடி வந்து, எஜமான் வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது என்று கூப்பிட்டான். நல்ல நிலபுலம் உள்ள குடியானவர் வீடு. செல்லம் நம் வயதுக்காரி. மூத்தது பெண். இந்தப் பால்குடிப் பையன் அவள் மடியில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். நம் பெட்டியில் அதற்கு மருந்து இல்லை. அரியலூருக்கு வண்டி கட்டினால் பாதி வழி தாங்காது. நான் துணியை எடுத்து நனைத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இருடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தாய். "புள்ளைக்கு என்னாம்மா பேரு?"

"பெரியசாமிங்க."

"பொழைக்கிறது கஷ்டம்தாம்மா. எங்க கையில மருந்து இல்ல. எங்க வேதத்துல ஒரு வழக்கம் இருக்கு. போவப் போற புள்ளைக்குத் தண்ணி ஊத்தி, எங்க சாமி கையில ஒப்படைப்போம். இவ நனைச்சு வெச்சிருக்குற துணி அதுக்குத்தான். ஒங்களுக்குத் தெரியாம ஊத்த எனக்கு மனசு வரல. நீங்க சொன்னா ஊத்துறோம். வேண்டாம்னா விட்டுடுறோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. எத்தனையோ வீடுகளில் யாருக்கும் தெரியாமல் நடந்த காரியத்தை நீ இப்படிப் பட்டப்பகலில் போட்டு உடைத்துவிட்டாய். செல்லம் உன்னையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"வேண்டாங்க. அவன் எங்க கொலசாமி குடுத்த புள்ள. அப்புடியே போவட்டும்." கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி சொன்னாள்: "ஆனா ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையுங்க. எம்புள்ள தனியா போவக் கூடாது."

சாணி மெழுகிய தரையில் நீ முழந்தாளிட்டாய். நமக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றையும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினாய்: "சர்வேசுரா, பெரியசாமி வர்றான். நடக்கத் தெரியாது. எதுத்தாப்புல வந்து தூக்கிக்கும்."

பொழுது சாய்வதற்கு முன் பிள்ளை அடங்கியது. திரும்பும் வழியெல்லாம் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். "ஒரு புள்ளையோட மோட்சத்தையே தொலச்சிட்டியேடி பாவி!" என்றேன். நீ பருத்திக் காட்டு வரப்பில் நின்றாய்.

"எம்புள்ள எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியுமா?"

கேட்டுவிட்டு நீயே பதிலும் சொன்னாய்.

"எனக்குத் தெரியும். இத்தினி நாளு அவரு பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டேன். ஒரு கைத் தண்ணி ஊத்தலன்னு பச்சப்புள்ளைய வெளியில நிக்க வெக்கிற ஆளு இல்லடி அவரு. பெத்தவகிட்டேருந்து திருடிக் கொண்டாந்து குடுத்தா, அத வாங்கிக்கிற ஆளும் இல்ல."

செய்தி நம்மைவிட வேகமாக நடந்தது. சில ஊர்களில் நம்மைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். நம் கோயில் சாமியார் நம் இருவரையும் தன் பங்களாவுக்கு வரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. காலரா ஊருக்குள் தனியாகப் போய்ப் பிணம் தூக்கியவர். தான் படித்ததை முழுசாக நம்பினார். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம்.

"அந்தக் குழந்தையின் ஆத்துமாவுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"சர்வேசுரன் பொறுப்பு சாமி" என்றாய்.

"நீ செய்தது தப்பு என்று ஒப்புக்கொள். வேலையில் இருக்கலாம்."

"உள்ளதச் சொன்னதத் தப்புன்னு எப்புடி சாமி ஒப்புக்கிறது? எம்புள்ளையும் தண்ணி வாங்காமத்தான் போனான். அவனுக்கும் நான் பேரு வெச்சிருக்கேன். அந்தப் பேரச் சொல்லித்தான் தெனமும் ஒங்க பூசையில வேண்டிக்கிறேன். அதுவும் தப்புன்னா சொல்லிடுங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பெட்டிச் சாவியை மதரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். நீ கொடுத்தாய். வேலை இல்லாவிட்டால் உனக்கு அடுத்த வேளைக் கஞ்சிக்கு வழியில்லை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். "அவ போனா நானும் போறேன் சாமி" என்று நான் குதித்தேன். வெளியே வந்ததும் நீ, "நீயும் போயிட்டா பொட்டிய யாருடி தூக்குவா? போடி உள்ள" என்று என்னைத் தள்ளிவிட்டாய்.

நீ கூலிக்குப் பருத்தி எடுக்கப் போனாய். விரலெல்லாம் கீறல். ஆனால் விடியற்காலைப் பூசையில் உன் இடத்தில் நீ இருந்தாய். கோபித்துக்கொண்டு கோயிலை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் ஒதுங்கியவர்களையும் தெரியும். நீ எப்போதும்போல முன்னால் போய் முழந்தாளிட்டு, அந்தச் சாமியார் கையாலேயே நன்மை வாங்கினாய். உன்னைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

பருத்தி முடிகிற சமயத்தில் மருந்துச்சாலை வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. செல்லம் இறங்கினாள். மூத்த பெண்ணுக்குக் காலில் கொதிக்கிற கஞ்சி கொட்டித் தோல் உரிந்து கிடந்தது. நான் களிம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உள்ளதச் சொன்ன அம்மா எங்கங்க?"

மதர் வந்து சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"அந்தம்மா என்னைய ஒரு வார்த்த கேட்டுச்சுங்க. எம்புள்ளையப் பேரு சொல்லி அனுப்பி வெச்சுச்சு. அது தொடட்டும், வேற யாரும் வேண்டாம்."

பிள்ளையோ வலியில் கத்துகிறது. மதர் என்னைப் பார்த்து, "ஓடு, கூட்டிக்கொண்டு வா" என்றார். பருத்திக் காட்டிலிருந்து நீ தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தாய். கையைக் கழுவிவிட்டு, நேற்றுவரை அங்கேயே இருந்தவளைப் போல உட்கார்ந்து கட்டுப் போட்டாய். பங்களாத் தாழ்வாரத்தில் சாமியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. மறுநாள் நாம் பெட்டியைத் திறந்தபோது தண்ணீர்ப் பாட்டிலும் வெள்ளைத் துணியும் இல்லை. மதர் எடுத்துவிட்டிருந்தார். சாத்திய கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அந்த வருஷத்துக் கல்லறைத் திருநாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சாமியார் வழக்கம்போல ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். பெரிய சிலுவையடியில் முடிந்துவிடும். அன்று முடியவில்லை. வாசலைத் தாண்டி வெளியே போனார். மதிலை ஒட்டிச் சேற்றில் நடந்தார். தீர்த்தச் செம்பு பிடித்திருந்த கோயில்பிள்ளை விழித்துக்கொண்டே பின்னால் போனார். கள்ளி மூலைக்கு வந்ததும் சாமியார் நின்றார். அந்த இடத்துக்கு அவர் புத்தகத்தில் ஜெபம் கிடையாது. புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா நின்றார். பிறகு தீர்த்தம் தெளித்தார்.

கூட்டம் வாசலுக்குள்ளேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் இன்னொருத்தி. அப்புறம் நரைத்த தலைகள். அந்த மூலையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தவர்கள் நம் கோயிலில் அவ்வளவு பேர் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஓவென்று அழுதேன். நீ அழவில்லை, நிமிர்ந்து நின்றாய். "பாத்தியாடி, சாமியாரு ஒம்புள்ளகிட்ட வந்துட்டாரு!" என்று உன்னை உலுக்கினேன்.

"இவரு இன்னிக்கித்தாண்டி வந்தாரு" என்றாய். "சர்வேசுரன் அன்னிக்கே வந்துட்டாரு."

நீ போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது வருகிற இளவயதுச் சாமியார்கள், அப்படிப் போன குழந்தைகளை ஆண்டவரின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்று பிரசங்கத்திலேயே சொல்கிறார்கள். இதை என் சிநேகிதி பருத்திக் காட்டு வரப்பில் நின்று எப்போதோ சொல்லிவிட்டாள் என்று எழுந்து கத்தலாம்போல இருக்கும். பேரன் மானம் போகும் என்று அடக்கிக்கொள்கிறேன். தாசில்தார் பயம் எனக்குப் போயே போய்விட்டது. சாயங்காலத்தில் கோயிலில் உன்னைப்போலச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கேட்பதற்கு எதுவும் இல்லாமல் அவர் பக்கத்தில் இருக்க எனக்கும் வருகிறது.

போன தவக்காலத்தில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். அதுவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. மெதுவாகத் திரும்பினாள்.

"ஜெனிபர்னு வெக்கலாம்னு இருந்தோம் பாட்டி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்: "சர்வேசுரா, ஜெனிபர் வந்திருக்கா. நடக்கத் தெரியாது. தூக்கிக்கும்."

அவள் ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் கேட்டாள்: "தூக்கியிருப்பாரா பாட்டி?"

"அன்னிக்கே தூக்கிட்டாருடி கண்ணு" என்றேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன்.