முப்பத்தேழு டிகிரியில் ஓர் உயிர்

இன்று காலை, கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியிலிருந்து அந்தத் தட்டை எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டிக்குள் எப்போதும் முப்பத்தேழு டிகிரிதான், மனித உடம்பின் சூடு. எனக்குத் தெரியாததா என்ன? ஆனாலும் உன் உள்ளங்கையைத் தொட்ட மாதிரி இருந்தது. சட்டென்று மேசையில் வைத்துவிட்டேன்.

நம் லேப் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அடியில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீர், கரையோரத்துத் தண்ணீர், எல்லாவற்றையும் சோதித்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறோம். நண்டுக் குஞ்சானாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமியானாலும் எழுதவேண்டியது ஒரே சொல், ஆர்கனிசம். பக்கத்தில், உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று ஒரு டிக். உனக்கு அதில் தீராத சிரிப்பு. "பாத்தியாளா, திமிங்கலமும் ஆர்கனிசம், கிருமியும் ஆர்கனிசம், நம்ம சாரும் ஆர்கனிசம். இங்கிலீஷ்காரன் ஒருத்தரையும் மேல கீழ வைக்கல." சாருக்கு எதில் டிக் போடுவது என்று நான் கேட்க, அன்று முழுக்கச் சிரித்தோம்.

அந்த வியாழக்கிழமை, கடலடிப் பாறைத் திட்டான முத்துச்சிப்பிப் பாரில் தண்ணீர் எடுத்துவிட்டுக் கரை திரும்பினோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகிலிருந்து குதித்தாய். சிப்பி ஓடு குதிகாலைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "இதுக்கெல்லாம் போனா எங்க ஊர்ல பாதிப்பேரு ஆஸ்பத்திரிலதான் கெடக்கணும்" என்றாய். லேபுக்கு வந்ததும் பஞ்சுக்குச்சியால் உன் காயத்தை நீயே துடைத்து, கிருமிக்குத் தீனியான பச்சை ஆகார் கூழ் ஊற்றிய தட்டில் கோடு இழுத்தாய். மூடியில் உன் பெயரும் எழுதினாய். "எந்த ஆர்கனிசம்னு பாத்துட்டே டாக்டர்ட்ட போலாம்ளா."

வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா? காலில் ரத்தம் வடிகிறது, நாம் சாம்பிள் எடுக்கிறோம்! தடுத்திருக்க வேண்டியவள் நான். "நாளைக்குள்ள வளந்துரும், பாத்துக்கிடலாம்" என்று சொல்லி இன்குபேட்டர் கதவை மூடியதும் நான்தான்.

மறுநாள் தட்டில் புள்ளிப் புள்ளியாக அது வளர்ந்திருந்தது. நீ அதை போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே உன் கால் ஊதாவாகிவிட்டது. மதியம் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் நீ இல்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு நேரே லேபுக்குத்தான் வந்தேன். அந்தத் தட்டை யாரும் தொட்டிருக்கவில்லை. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, உன் பெயருக்கு அடியில் முழுக்கப் பரவியிருந்தன. உடனே, கொதிநீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு அழித்திருக்க வேண்டும். கை வரவில்லை. உன்னைக் கொன்றது அதுதான். உன் உடம்பிலிருந்து வந்து உயிரோடு மிச்சமிருந்ததும் அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து உன் அம்மா ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு லேபுக்கு வந்தார்கள். "என்னமோ ஆர்கனிசம்னு போட்டிருக்காவளாம். அப்படின்னா என்ன மக்கா?"

"உயிருள்ள எல்லாத்தையும் அப்படித்தாம்மா எழுதுவாவ. இது கடல்ல உள்ள ஒரு கிருமி."

"அது இன்னும் உசுரோட இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். பெட்டி என் முதுகுக்குப் பின்னால் லேசாக உறுமிக்கொண்டிருந்தது.

ஏழு மாதம் அதை வளர்த்தேன். குளிரில் வைத்தால் செத்துவிடும் என்பதால் வாரந்தோறும் புதுத் தட்டுக்கு மாற்றினேன், ஒவ்வொரு மூடியிலும் உன் பெயரை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகூட பஸ் பிடித்து வந்தேன். ஒருநாள் மூடியைத் திறந்து, "எப்படிளா இருக்க?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன். அதுதான் பயமாக இருந்தது.

இன்று அந்தச் சூடு கையில் பட்டதும், இனி முடியாது என்று தோன்றிவிட்டது. ஆட்டோகிளேவில் வைத்துப் பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே நின்றேன். அழிப்புப் படிவத்தில் ஆர்கனிசம் உயிரோடு இல்லை என்று டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அன்று சொன்னது பொய் என்பதும், இன்றுதான் அதை அழித்தேன் என்பதும் ஒன்று. 'நாளைக்கு' என்று உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நிறுத்தி வைத்தவள் நான் என்பது இன்னொன்று.

முதல் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அம்மா என் கைகளைப் பார்த்தார்கள்.

"ஏழு மாசமா எம்மவ உடம்புல உள்ளது ஒண்ணு உசுரோட இருந்துருக்கு. கொல்லுததுக்கு முன்னால எனக்கு ஒருக்கா காட்டியிருக்கலாம்லா மக்கா?"

இரண்டாவது விஷயத்தைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.