நடுவில் பதினாறு வரிசை

கொலோமோத்துவா, நுக்குஅலோஃபா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மெலேயானாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் இரண்டு காலில் நிற்கிறோம், பன்றிகள் நான்கு காலில் நிற்கின்றன. பிரிஸ்பேனில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் ம், ம் என்றபடி துணி மடித்துக்கொண்டிருப்பாய், செய்தியாக அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்தைத் தடவச் சொன்னால் குழாயை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். பலாக்காய் மரம் இந்த வருடம் எங்களை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பக்கமே காய்த்திருக்கிறது. போதகர் பிரசங்கத்தை இன்னும் நீட்டிவிட்டார். இவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

இப்போது விமானத்துக்கு வருகிறேன். முதலில் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம்தான் இருக்கிறது. ஆக்லாந்திலிருந்து நானும் உன் ஃபெலெட்டி மாமாவும் வீடு திரும்ப நீ டிக்கெட் போட்டபோது என்ன சொன்னேன் என்று நினைவிருக்கும். எனக்கு நாலாவது வரிசை ஜன்னல், அவனுக்கு இருபத்தொன்றாவது வரிசை ஓரம், நடுவில் பதினாறு வரிசை. நீயும் அப்படியே தேர்ந்தெடுத்து அனுப்பினாய், நானும் அந்தத் தாளை வேதாகமத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். நீ செய்த ஒரே தப்பு, இரண்டு பேரையும் ஒரே புக்கிங்கில் போட்டது. நீ பிரிஸ்பேனுக்குப் போய்ப் பதினைந்து வருடமாகிவிட்டது, அங்கே அண்ணனும் தங்கையும் ஒரே சோபாவில் காலை நீட்டிப் படம் பார்க்கிறார்களாம். உன் அண்ணன் அறைக்குள் வந்தால் நீ எழுந்து வெளியே போன காலம் உனக்கு மறந்திருக்காது என்று நினைக்கிறேன். என் தம்பியை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவன் பத்து வயதில் பையன்கள் படுக்கும் குடிசைக்குப் போன நாளிலிருந்து இந்த ஐம்பத்தொரு வருடத்தில், நம் ஊர் முறைப்படி, அவனருகே நான் உட்கார்ந்ததில்லை. அவனுக்கு நெஞ்சைப் பிளந்து தைத்த ஆறு வாரமும் ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் வார்டு வாசலுக்கு வெளியேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சூப்பை நர்ஸிடம் கொடுத்து அனுப்புவேன், கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தால் அன்றைக்கு அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். எங்களுக்குள் ஏதோ சொத்துத் தகராறு என்று அந்த நர்ஸ் முடிவே கட்டிவிட்டாள்.

ஆக்லாந்து கவுண்டரில் ஒரு பெண், பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு இரண்டு சீட்டு நீட்டினாள். பதினான்காவது வரிசை ஜன்னல், பதினான்காவது வரிசை நடு. இது எங்களுடையது இல்லையே என்று நான் தாளை விரித்துக் காட்டினேன். "ஒரே புக்கிங்ல வந்தவங்கள யாரோ தப்பாப் பிரிச்சுப் போட்டிருந்தாங்கம்மா, நானே சேர்த்து வச்சிட்டேன்" என்றாள். யாரும் தப்பாகப் பிரிக்கவில்லை, நாங்கள்தான் பிரித்தோம், அவன் என் தம்பி என்றேன். "தம்பியா, அப்போ இன்னும் நல்லதாப் போச்சு, வழியெல்லாம் பேசிக்கிட்டே போலாம்" என்றாள். அந்தப் பிள்ளையின் நல்ல மனதை என்னவென்று சொல்வது. நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் மற்றது வெளியே வந்தது. வவாவு தீவுக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகும் கூட்டம் ஒன்று, முப்பது பேர், சேர்ந்து உட்கார ஆசைப்பட்டார்களாம். அவர்கள் ஆசைப்பட்டதும் என் ஜன்னல் போனது, உன் மாமாவின் ஓர சீட்டும் போனது, எங்களுக்கு உபகாரம் கிடைத்தது. கேட்டுச் செய்வது கம்பெனி வழக்கம் இல்லை போலிருக்கிறது, செய்துவிட்டுச் சிரிப்பதுதான் வழக்கம்.

உன் மாமாவைச் சக்கர நாற்காலியில் வைத்து முன்னாலேயே ஏற்றிவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கும்போது அவன் நடு சீட்டில் இருந்தான். ஓரத்தில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர், அவரை நகர்த்தவும் முடியாது. என்னைப் பார்த்தவன் சீட்டு எண்ணைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். இருவரையும் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். நான் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டேன், என் கைப்பையை எங்கள் நடுவில் மதில்போல நிறுத்தினேன். அவன் மாவுக்கட்டுக்காரர் மடியில் ஏறிவிடுவான்போல அந்தப் பக்கம் சாய்ந்தான். விமானம் மேலே போனதும் கூரையிலிருந்து திரை இறங்கிப் படம் ஓட ஆரம்பித்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒருவனும் ஒருத்தியும் வாயை வாயோடு வைத்துக்கொண்டார்கள், எடுக்கவே இல்லை. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பாக்கியமும் எனக்குக் கம்பெனி செலவில் கிடைத்தது. அவன் பெல்ட்டைக் கழற்றினான், கட்டுப் போட்ட காலைத் தாண்டினான், பின்னால் கழிப்பறைப் பக்கம் போய் நின்றான்.

நின்றவன் நின்றவன்தான். மெலேயானா, நெஞ்சுத் தையல் இன்னும் முழுசாக ஆறாத மனிதன். அரை மணி நேரம் போனது, ஒரு மணி நேரம் போனது. நான் திரும்பிப் பார்க்கவும் கூடாது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு பணிப்பெண் என்னிடம் குனிந்து, "உங்க வீட்டுக்காரர் ஏம்மா நின்னுட்டே வர்றாரு, சண்டையா" என்று கேட்டாள். வீட்டுக்காரர். உன் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அவன் என் கூடப்பிறந்தவன், என்னை வேறு எங்காவது மாற்றி உட்காரவை என்றேன். அதற்கு அவள், "யாரும் எழுந்து மாற மாட்டேங்கறாங்கம்மா, சீட்டை மாத்தற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது" என்றாள். தரையில் இருக்கும்போது கேட்காமலே மாற்றும் அதிகாரம் உண்டு, மேலே போனால் கேட்டாலும் கிடையாது. அதிகாரத்துக்கும் உயரமென்றால் பயம்போல. நானே நாலாவது வரிசைக்கு நடந்து போய்ப் பார்த்தேன், என் ஜன்னலில் ஒருவர் கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கடலைக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். சாம்பல் நிறமாக இருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தான். என் கண் முன்னால் விழுந்துவிடுவான், அதுவும் என் மரியாதைக்காக நின்று விழுந்துவிடுவான் என்று நினைத்தேன். மூத்தவள் சொல்லை அவன் தட்டியதில்லை, நானும் இத்தனை வருடத்தில் அதை வீணாகச் செலவழித்ததில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "அக்கா உக்காரச் சொல்றா, அவன் உக்காரலன்னா அவளும் இங்கயே நிப்பா, அவ முட்டி எப்படின்னு அவனுக்கே தெரியும்னு போய்ச் சொல்லு" என்றேன். அவள் சொன்னாள். வந்து உட்கார்ந்தான். நான் என் சால்வையைத் தலையில் போட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் விமானம் குலுங்க ஆரம்பித்தது, மதிலாக வைத்திருந்த கைப்பை கீழே விழுந்தது, அதற்குள் அவன் தூங்கிவிட்டிருந்தான். தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. தட்டி எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. நம் ஃபுவாமோத்து விமான நிலையம் வரும் வரைக்கும் அசையாமல் இருந்தேன், ஒவ்வொரு மூச்சும் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் இடுப்பில் இருந்தபோதும் அவன் மூக்கில் இதே சத்தம்தான் வரும்.

சக்கரம் தரையில் பட்டதும் விழித்தான், துள்ளி விலகினான், அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த நாள் கம்பெனியிலிருந்து என் போனுக்கு ஒரு கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியைத் தேடினேன். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அன்று மாலையே நம் வாசலுக்கு வெளியே புழுதியில் உன் மாமா வந்து உட்கார்ந்தான். சாவு வீட்டுக்குக் கட்டுகிற கிழிந்த பெரிய பாயை இடுப்பில் சுற்றி, தலையைக் குனிந்து, அக்கா தோளில் தலை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க. அந்த உடம்போடு. தப்புச் செய்தவர்கள் நட்சத்திரம் கேட்கிறார்கள், தூங்கிப்போனவன் பாயைக் கட்டிக்கொண்டு வருகிறான். நான் உள்ளேயிருந்து அழுதேன், உன் அப்பாவை அனுப்பி அவனைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். "அக்கா ஒண்ணும் நெனைக்கல, போய்ப் படுடான்னு சொல்லச் சொன்னா" என்று இவர் சொன்னாராம். அவன் போன பிறகு வாசலில் ஒரு கூடை சேனைக்கிழங்கு இருந்தது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறேன். குளிருக்குக் காலுறை போடு, பெரியவளுக்கு நம் பேச்சைச் சொல்லிக் கொடு.

மூன்று மாதத்தில் மாமாவை மறுபடி பரிசோதனைக்கு ஆக்லாந்துக்குக் கூட்டிப் போக வேண்டும், ஞாபகமிருக்கட்டும். இந்த முறை டிக்கெட்டைத் தனித்தனியாகப் போடு. அவனுக்கு அதே இருபத்தொன்று. எனக்கு நாலு வேண்டாம். நடைபாதைக்கு அந்தப் பக்கம், அவனுக்கு இரண்டு வரிசை பின்னால் பார். அவன் தோள் ஏறி இறங்குவது எனக்குத் தெரிய வேண்டும், அவன் திரும்பினாலும் என்னைப் பார்க்கக் கூடாது. அதை மட்டும் யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு உன் அம்மா,
கலோலைனே