கங்காணி வேஷமும் காம்பரா பேப்பரும்

நமுனுகுல,
ஞாயிறு காலை.

அன்புள்ள சிவசக்திக்கு,

உன் வீட்டுக்காரன் ரெங்கசாமி எழுதுவது. நானும் என் தொந்தியும் சுகம். குவைத் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய்? போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது. அதனால் அங்கே திரும்பிப் போகும் ரமேஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பேப்பரும் இருக்கும். அதைத் தொடுவதற்கு முன் முழுக்கதையையும் படி.

நம் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா ஹோட்டலானது தெரியும்தானே. எல்லவுக்குச் சுற்றிப்பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றி இங்கே கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு அந்தக் காலத்துப் பெரட்டு காட்ட வேண்டுமாம். நம் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்க, கங்காணி பேர் கூப்பிட, துரை பார்த்துக்கொண்டு நிற்பது. கங்காணிக்கு மீசையும் தொந்தியும் உள்ள ஆளைத் தோட்டம் முழுக்கத் தேடி என்னிடம் வந்து நின்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் போட்டு, கங்காணிக் கம்பையும் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றேன். நீ இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாய். துரை வேஷம் ஹோட்டல் கிளார்க் சிந்துஜனுக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தொப்பி காது வரை இறங்கியது.

அப்புறம்தான் ஹோட்டல் மனேஜர் அந்தப் பேப்பரை நீட்டினார். நாம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் பத்துக் காம்பராவையும் ஹோட்டலுக்கு விட்டுவிட வேண்டும். கூலிகள் வாழ்ந்த மாதிரியே ஒரு நாள் தங்கிப் பார்க்க டூரிஸ்டுகளுக்கு ஆசையாம். நமக்கு லுணுகலைப் பக்கம் வேறு இடம் என்பது வெறும் வாய்ப்பேச்சு. நம் காம்பரா நீ கொழுந்து பறித்த காலத்தில் உன் பேரில் பதிந்தது. அதனால் உன் கையெழுத்து வேண்டுமாம். வேஷ மயக்கத்தில், வாங்கித் தருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். தப்பு என்னுடையது.

முதல் பெரட்டு வியாழக்கிழமை நடந்தது. பங்களாக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பழைய பேர்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, சும்மா ஏதாவது வாசி என்றார் மனேஜர். நூறு வருடத்துக்கு முந்திய இங்கிலீஷ் கையெழுத்து. எழுத்துக் கூட்டி வாசித்தேன். பெரியாயி, காய்ச்சலில் செத்தாள். அது பக்கத்துக் காம்பரா தயானியின் பூட்டி. தயானி ஓரடி முன்னே வந்து, "இருக்கேங்க" என்றாள். பெரட்டில் பதில் சொல்லியே பழகிய வாய். அடுத்த பேருக்கு இன்னொருத்தி சொன்னாள். செத்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள்.

மாடசாமி என்று வந்தது. என் பாட்டனுக்கு அப்பன். பேருக்கு எதிரே, ஓடிப்போனான், பிடிபட்டான், மூன்று மாதம் சிறை. நம் வம்சத்திலும் ஓடத் துணிந்த கால் ஒன்று இருந்திருக்கிறது. எனக்குத்தான் தொந்தி வந்து சேர்ந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவனைத் திருடன் மாதிரி எழுதிவைத்துவிட்டு, லாபத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான் வெள்ளைக்காரன். நமக்கு விட்டது பத்தடிக் காம்பரா. இப்போது அதையும் வேடிக்கை காட்டக் கேட்கிறார்கள்.

கடைசியாக, "துரை" என்று கூப்பிட்டேன். சிந்துஜன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நம் வரிசையில் வந்து நின்றான். "துரை வரலை. அரைப் பேர் போடு, பாதிச் சம்பளம்தான்" என்றேன். பெண்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்து டூரிஸ்டுகள் கைதட்டினார்கள், பாவம், அதையும் நாடகம் என்று நினைத்து.

மனேஜர் அங்கேயே கோட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். மறுநாள் ஒன்பது வீட்டாரும் கையெழுத்தில்லாமல் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீரை நிறுத்துவார்களாம். நிறுத்தட்டும், ஆற்றுக்கு நடந்த கால்கள்தான் நம்முடையவை. மிச்சம் உன் பேப்பர் ஒன்றுதான். நானே கிழித்திருப்பேன். ஆனால் பேர் உன்னுடையது. நீயே கிழி.

ஒன்று விட்டுப்போனது. துரையைக் கூப்பிடுவதற்கு முன்னால், புத்தகத்தில் இல்லாத ஒரு பேரையும் கூப்பிட்டேன். சிவசக்தி. கம்பைக் கீழே வைத்துவிட்டு நானே, இருக்கேங்க என்றேன்.

மலைமேல் இருக்கும் முருகன் உனக்குத் துணை நிற்கட்டும். அடுத்த தடவை உன் பேருக்கு நீயே வந்து பதில் சொல்லு.

இப்படிக்கு,
ஒரு நாள் கங்காணி,
உன் ரெங்கசாமி