முரசை நான் இன்னும் நம்பவில்லை

செரிக்போல்,

ரெண்டு பேரும் நல்லாத் தூங்குறீங்க, எழுப்பல. பால் டீ அடுப்புல இருக்கு. ஐசுலுவுக்குக் கழுத்து உறுத்தாத நீலச் சட்டையைப் போட்டு விடுங்க. காது மூடியை மறந்துடாதீங்க.

பொம்மை நாடகம் பதினோரு மணிக்கு. விளக்கை முழுசா அணைக்க மாட்டாங்களாம், குழந்தைங்க எழுந்து நடக்கலாமாம், முரசு அடிக்கவே மாட்டாங்களாம். போன வருஷமும் இப்படித்தான் சொல்லிட்டு முரசை அடிச்சாங்க. அவ நாற்காலிக்கு அடியில புகுந்து நடுங்கினது இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு.

அதனால நேத்து நானே போய்ப் பார்த்தேன். திரைக்குப் பின்னாடி முரசு அப்படியே இருக்கு. டிக்கெட் கொடுக்கிற ரைசா அம்மாகிட்டக் கேட்டேன். "உன் வீட்டுக்காரரும் மூணு வியாழக்கிழமையா வந்து இதையேதாம்மா கேக்குறாரு. கம்பளம் போத்தி வெச்சிருக்கோம், தொட மாட்டோம்"னாங்க.

வியாழக்கிழமை பட்டறையில வேலைன்னுதானே என்கிட்டச் சொன்னீங்க? அங்க நீங்க இல்லைன்னு தெரிஞ்சு, நான் என்னென்னமோ நினைச்சு மூணு வாரமா உங்ககிட்ட முகம் கொடுத்தே பேசல. இனி அந்த நாடகத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு போன வருஷம் நான் கத்தினதாலதான் மறைச்சீங்க போல. இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

முரசு விஷயத்துல எனக்கு இன்னும் சந்தேகம்தான். பத்து மணி ஒத்திகையை உட்கார்ந்து பார்க்கப் போறேன். வாசல்ல நான் நின்னா உள்ள வராதீங்க, அவளை நேரா பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

மெருயெர்த்

நான் வாசல்ல இல்லேன்னா உள்ள வாங்க. கதவுப் பக்கம் மூணு இடம் பிடிச்சு வெச்சிருப்பேன். ஐசுலு நடுவுல. இல்ல, எழுந்து போக வசதியா அவ ஓரத்துல உட்காரட்டும். நடுவுல நீங்க உட்காருங்க.