அப்பா நிறுத்திய சர்க்கரை மாத்திரை

ஐதராபாத்

அப்பாவுக்கு, பூபதிராஜா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமில்லை என்று அம்மா சொன்னார்கள். போனில் கேட்டால் வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் லேபில் உங்கள் எச்சிலைச் சோதித்ததில் சர்க்கரை வரும் ஆபத்துக்கான மரபணு மதிப்பெண் குறைவாக வந்தது உண்மைதான். ஆனால் அது இனிமேல் சர்க்கரை வருமா என்று ஊகிக்கிற கணக்கு. உங்களுக்குத்தான் வந்து பல வருஷமாயிற்றே! வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில், "எம்பையன் மிசின்லயே பாத்துட்டானுங்க, எனக்குச் சர்க்கரையே வராதாமுங்க" என்று சொல்லிக்கொண்டு மாத்திரையை நிறுத்தினீர்களாம். மாடு வாங்கும் முன் ராசியானதா என்று அதன் சுழி பார்ப்பீர்கள், சரி. கோமாரி நோய் வந்துவிட்ட மாட்டுக்கும் சுழி பார்ப்பீர்களா?

கால்விரல் கறுத்துவிட்டதாம். இதைப் படித்ததுமே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரலை எடுக்கச் சொன்னால் எடுக்கட்டும், தள்ளிப்போட்டால் காலே போகும். எனக்கு லீவு கிடைக்கவில்லை. தினமும் அம்மாவைப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. போட்டோவில் கால் மட்டும் போதாது, உங்கள் முகமும் தெரியட்டும்.

பூபதி